முள்ளைத் தொடுவதற்கு முன்

அன்று மதியம் என் அறையில் இருந்தவர்கள்: நான். லேபில் ரத்தம் எடுக்கும் ஓர் அக்கா. கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி. பாதி நேரம் மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்ததால் அவனை அரை ஆளாகக் கணக்கு வைத்தாலும் தவறில்லை. டியூப் லைட்டுக்குப் பின்னால் வழக்கமான பல்லி. அப்புறம், கைக்குட்டையில் சுற்றி மேசைமேல் வைக்கப்பட்டிருந்த ஒரு கைக்கடிகாரம். அதன் சொந்தக்காரர், இவர்கள் இருவருடைய அப்பா, வரவில்லை. அவர் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் இருந்தது அதுதான் முதல் தடவை. இருந்த ஒரே நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தேன். கட்டிலில் கிடந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுக் கப்பல்காரனை உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை. கூரையையும் சுவரையும் பார்த்தான். அக்கா ஜன்னல்களைப் பார்த்தார்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு. ஜன்னலைத்தான் மூடி வெச்சிருக்கேன்."

"பகல்லயா?"

"பகல்லதான்."

"பாஸ், இது ரூமா, எங்க இன்ஜின் ரூமா?" என்றான் தம்பி.

ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியது கடிகாரங்களைப் படம் எடுப்பதற்காக இல்லை. நான் இரவு வேலை பார்த்தவன். ஒரு கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள். அவை தூங்காமல் இருக்கின்றனவா என்று தூங்காமல் பார்ப்பது வேலை. பகலில் தூங்குவதற்காக வெளிச்சத்தை அடைத்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. போகப் பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், இதில் சொல்வதற்கு வேறு கதை கிடையாது. போன் செய்தார்கள், எடுக்கவில்லை, பிறகு செய்வதை நிறுத்திவிட்டார்கள். சார்ட் மட்டும் ஜன்னலிலேயே தங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் பழைய கைக்கடிகாரங்களை வாங்கி இணையத்தில் விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் கடிகாரக் கண்ணாடிக்குள் அவருடைய முகமே பெரிதாகத் தெரியும். விற்பது கடிகாரத்தையா உங்களையா என்று ஒருநாள் கேட்டேன். "வாய் பேசாம எடுத்துக் காட்டு பாப்போம்" என்றார். எடுத்துக் காட்டினேன். அதிலிருந்து அவருடைய கடிகாரங்கள் ஒரு டிபன் பாக்ஸில் அடைபட்டு என் அறைக்கு வந்து போகின்றன.

என்னிடம் இருக்கும் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். டிவி வாங்கிய வீட்டுக்காரர் வெளியே எறிந்த தெர்மகோலில் மூன்று பக்கமும் ஒரு மேற்பக்கமுமாக ஒட்டிய பெட்டி. இரண்டு பக்கமும் சதுரமாக வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். அதற்கு வெளியே இரண்டு படிப்பு விளக்குகள். இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கிய பல்பு. இல்லையென்றால் கடிகாரத்தின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும். கடிகாரத்தை நிமிர்த்தி வைக்கக் குழந்தைகள் விளையாடும் களிமண். வாருக்கு உள்ளே சுருட்டி வைக்கத் தண்ணீர் பாட்டிலில் வெட்டிய ஒரு துண்டு. தூசி ஊத, காது கழுவும் ரப்பர் குமிழ். கேமரா மூன்று கை மாறி வந்தது. அதன் முன்னால் கறுப்பு அட்டை ஒன்று நிற்கும், நடுவில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. கடிகாரத்தைப் படம் எடுப்பது கண்ணாடியைப் படம் எடுப்பதுதான். மூக்கு, சட்டை, விரல், பின்னால் இருக்கும் கட்டில் எல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். கடைசியாக மறைக்க வேண்டியது எடுக்கிற ஆளை. எனக்கு அது சிரமமாக இல்லை.

"அண்ணன் கடையில உங்க போட்டோ பார்த்தேன்" என்றார் அக்கா. "கையில எடுத்துரலாம் போல இருந்துச்சு. அதான் கேட்டேன். வாட்ச் இவனுக்கு, படம் எனக்கு. அம்மா பிரிச்சுக் கொடுத்தாச்சு."

"பெருசா பிரேம் போட்டு மாட்டிக்கோக்கா. என்னோடதைவிட உன்னோடது பெருசா இருக்கும்" என்றான் தம்பி.

"வாயை மூடுடா."

சொன்ன விதத்தில் கோபம் இல்லை. பல வருடங்களாகச் சொல்லித் தேய்ந்துபோன வாயை மூடுடா.

"ஆறு மணிக்கு பஸ் பாஸ். அதுக்குள்ள முடிஞ்சிரும்ல? அதுக்கப்புறம் ஒரு வருஷம் நானும் வாட்சும் தண்ணியிலதான்."

"கப்பல்லன்னு சொல்லித் தொலை. அவர் வேற மாதிரி நினைச்சுக்கப் போறாரு."

முடியும் என்றேன். யாரும் வாரையோ கண்ணாடியையோ இனித் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். விரல் எண்ணெய் துடைத்தாலும் போகாது. வெளிச்சம் பட்டதும் பூதம் மாதிரி எழுந்து நிற்கும். அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுவி வருகிறேன், அப்படியே டீ போடுகிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் சமையல் மூலையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தம்பிக்கு போன் வந்தது. அவன் படிக்குப் போனான்.

கைக்குட்டையைப் பிரித்தேன். சாதாரண எஃகுக் கடிகாரம். வெள்ளை முகம், மெல்லிய மூன்று முள், பேட்டரியில் ஓடுவது. கண்ணாடியில் ஓரமாக ஒரு நீளமான கீறல். வாரில் ஒரே ஒரு துளை மட்டும் நீண்டு வாய் பிளந்திருந்தது. மெலிந்த கை, பல வருடமாக அந்தத் துளையிலேயே மாட்டியிருக்கிறது. ஊதினேன், துடைத்தேன், களிமண்ணில் நிறுத்தினேன். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க, முட்கள் இருந்த இடத்திலேயே இருக்க நான்கைந்து படம் எடுத்தேன். இடது விளக்கு கொஞ்சம் அதிகம். அதற்கு ஒரு காகிதம் கூடுதலாகப் போட்டேன். பிறகு கடிகாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் திருகை வெளியே இழுத்தேன், வினாடி முள் நின்றது. முட்களைச் சுற்றிப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்தேன்.

எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். எந்தக் கடிகார விளம்பரத்தையும் பாருங்கள். இரண்டு முள்ளும் மேலே விரிந்து நிற்கும், நடுவில் கம்பெனி பெயர் மறையாமல் தெரியும், முகம் சிரிப்பதுபோல இருக்கும். இதை நான் யோசித்துச் செய்வதில்லை. சட்டைக்குப் பொத்தான் போடுவது மாதிரி.

அக்கா இரண்டு தம்ளர்களோடு வந்தார்.

"உங்க டீத்தூள் டப்பாவுல எறும்பு குடித்தனம் பண்ணுது. வாடகை வாங்குறீங்களா?"

"அதுங்கதான் எனக்கு முன்னாடியே இருக்குங்க."

சிரித்தார். சமையல் மூலைக்கும் மேசைக்கும் நடுவே கொஞ்சம் இருட்டில் நின்றுகொண்டு அவர் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. என் அறையில் அந்தச் சத்தம் பழக்கமில்லை.

பெட்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை அட்டையை யாராவது பிடித்தால் முள்ளின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். தனியாக இருக்கும்போது அந்த அட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு எடுத்திருக்கிறேன், இரண்டு புத்தகங்களுக்கு நடுவே செருகி எடுத்திருக்கிறேன். எப்படியும் விழும். அன்று அக்காவிடம் கொடுத்தேன். அவர் இருந்த இடத்திலிருந்து தெர்மகோலின் வெளிப்புறம்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. நான் சொல்லச் சொல்ல அட்டையை ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று நகர்த்தினார். கை ஆடவே இல்லை. கேமராவில் அமுக்கிவிட்டு அது தானாக எடுக்கும்வரை மூச்சை நிறுத்திக்கொண்டு இருவரும் காத்திருப்போம். எடுத்ததும் இருவருமே மூச்சு விடுவோம். அப்படி ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"கை ஆடலையே உங்களுக்கு."

"ஆடினா ஊசி எங்க போகும்? காலைல வெறும் வயித்தோட வர்றவங்க எல்லாருக்கும் என்மேலதான் கோவம். டீ குடிக்க விடாதது நான்தான்னு நினைப்பு." அட்டையைக் கை மாற்றிக்கொண்டு, "இப்ப கொஞ்ச நாளா நான்தான் அங்க முதல் ஆள். கதவு திறக்கறவர் வர்றதுக்கு முன்னாடியே போய் படியில உக்காந்திருக்கேன். வீட்டுல இருக்க முடியலையோ என்னவோ" என்றார்.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டியவர். கடைசி இரண்டு வருடம் முழங்கால் போய், அதற்குப் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய், இவர்தான் பார்த்துக்கொண்டார். தம்பிக்குச் செய்தி போனபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். "வந்து என்ன பண்ணியிருப்பான், பாவம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"வீட்டுல இன்னும் நிறைய இருக்கு. அப்பாவோட கண்ணாடி, டார்ச், வேன் சாவி. அதையெல்லாம் இப்படி எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம். கண்ணாடி கஷ்டம். ஆனா எடுக்கலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன். டீத்தூளும் நானே கொண்டு வரேன்."

சரி என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் உடனே மனசு அறையைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு நாற்காலி வேண்டும். கட்டில் விரிப்பை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று யோசித்தேன். அன்று என்ன கிழமை என்பதே எனக்குத் தெரியவில்லை.

படத்தை மடிக்கணினியில் போட்டுத் திருப்பிக் காட்டினேன்.

"அய்யோ" என்றார். "புதுசு மாதிரி இருக்கே." திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். கீறலை நான் படத்திலிருந்து நீக்கவில்லை, அதை விரலால் காற்றில் தடவினார். வாரின் நீண்ட துளையைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அவருடைய விரல் கடிகாரத்தின் முகத்துக்கு வந்து நின்றது.

"இது என்ன, பத்து பத்து?"

"படத்துக்கு அப்படித்தான் வைப்போம். பார்க்க நல்லா இருக்கும்."

"வைப்போம்னா? முள்ளைத் திருப்புனீங்களா?"

"ஆமா."

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டிக்குள் கையை விட்டு, இனித் தொட வேண்டாம் என்று நான் சொன்ன கடிகாரத்தை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருகு இன்னும் வெளியே இருந்தது. வினாடி முள் நின்றிருந்தது.

"டேய், இங்க வா."

தம்பி போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே வந்தான். அவர் முகத்தைப் பார்த்து போனை அணைத்தான்.

"அப்பா நேரத்தை இவர் மாத்திட்டாரு."

"என்ன நேரம்?"

"அப்பா வாட்ச் வேகமா வெச்சிருப்பாருல்லடா."

அவர் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார். அப்பா வேன் ஓட்டிய காலத்திலிருந்தே கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருப்பார். தாமதம் என்பது அவருக்குக் கெட்ட வார்த்தை. வீட்டில் யார் மணி கேட்டாலும் அவர் சொல்வதைக் கேட்டு, மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். கால் போன பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி பஸ்ஸைக் கண்ணெதிரே விட்டார். அன்று வீட்டுக்கு வந்து திருகை இழுத்து இன்னும் கொஞ்சம் தள்ளினார். கால் மெதுவாகிவிட்டது, கடிகாரமாவது வேகமாக இருக்கட்டும் என்றாராம். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அவர் செத்த பிறகும் அலமாரியில் அது அவர் வைத்த கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்கு எழுத்துக்கூடப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அக்கா தினமும் அதைப் பார்த்துத்தான் வேலைக்குக் கிளம்பினார். நேற்றுச் சாயங்காலம் அம்மா அதை எடுத்து மகன் கையில் கொடுத்துவிட்டார்.

"வாட்ச் போனா போகட்டும்னுதான் இருந்தேன். எந்த நேரத்துல எடுத்தாலும் படத்துல அப்பா நேரம் இருக்கும்னு நினைச்சேன். வேற எதுக்கு எனக்கு ஒரு வாட்ச் படம்?"

தம்பி கைக்குட்டையை எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

"எவ்ளோக்கா இருக்கும்? அஞ்சு நிமிஷம்?"

"அஞ்சு, நீ ஸ்கூல் போனப்ப. இப்ப பதினஞ்சு இருக்கும். பதினாறோ. உக்காந்து அளந்தா பார்ப்பேன்?"

"அப்ப பதினஞ்சு வெச்சிரலாம்."

"நீ வெச்சா அது நீ வெச்சது."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஏன் பாஸ், ஒருத்தர் பொருளை வாங்கினா கேக்க மாட்டீங்களா? யோசிக்காம முள்ளைத் திருப்பிருவீங்களா?"

அவன் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. எனக்கு வேறு ஒன்று தோன்றியிருந்தது, அதில் சந்தோஷமாகக்கூட இருந்தேன். முள்ளைத் தொடுவதற்கு முன் எடுத்த அந்த நான்கைந்து படங்கள் கேமராவில் இருக்கின்றன. எந்தப் படத்தையும் நான் அழிப்பதில்லை. படம் எடுத்த நேரத்தை கேமரா கூடவே எழுதி வைக்கும். என் கேமராவின் நேரம் சரியாக இருக்கும். பழைய வேலையில் ஒரு கம்ப்யூட்டரின் நேரம் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் இரவு முழுக்கத் திட்டு விழும், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. படத்தில் முள் காட்டும் நேரம் ஒன்று, கேமரா எழுதிய நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் அவர்களுடைய அப்பா. அவர்கள் அளக்காததை நான் அளந்து கொடுத்துவிடலாம்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "அதைக் கண்டுபிடிச்சுரலாம்னு நினைக்கிறேன்."

அக்கா நிமிர்ந்தார்.

கேமராவைக் கையில் எடுத்து, சின்னத் திரையில் பின்னால் போனேன். பத்து பத்து, பத்து பத்து, பத்து பத்து. பிறகு முட்கள் இடம் மாறின. பெரிதாக்கினேன். பன்னிரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். கீழே கேமரா எழுதியிருந்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

அடுத்த படத்தைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று.

கடிகாரம் வேகமாக ஓடவில்லை. என் கைக்கு வரும்போதே அது ஊரோடு சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம்வரை அலமாரியில் முன்னால் ஓடியது, இன்று மதியம் சரியாக ஓடியது. நடுவில் அது ஒரே ஒரு கையில்தான் இருந்தது.

தலையைத் தூக்கினேன். கப்பல்காரன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. கைக்குட்டையை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தான். அதற்கு மேல் மடிக்க இடமில்லாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

"இருக்கா?" என்றார் அக்கா. "முள்ளைத் தொடறதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணாவது இருக்கா?"

கேமராவைத் திருப்பினால் போதும். வேறு எதுவும் பேசக்கூட வேண்டாம். அவர் படித்தவர், எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். என்னைத் திட்டியதற்கு வருத்தப்படுவார். ஞாயிற்றுக்கிழமை வருவார், டீத்தூள் கொண்டு வருவார். தம்பி ஆறு மணிக்கு பஸ் ஏறுவான், வழியனுப்ப யாரும் வரமாட்டார்கள். அப்பா சாவுக்கு வராதவன் என்ற ஒன்றை அக்கா ஏற்கெனவே விழுங்கி வைத்திருக்கிறார், இதையும் சேர்த்து விழுங்க முடியாது. ஒரு வருடத்துக்குக் கப்பலுக்கு போன் போகாது. அம்மா ஒன்றும் புரியாமல் நடுவில் உட்கார்ந்திருப்பார். நான் அவர்களுக்கு யார்? ஒரு மதியம் பார்த்த ஆள். என்னை வெறுக்க அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போவதற்குள் முகம்கூட மறந்துவிடும்.

இதையெல்லாம் யோசித்து முடித்துத்தான் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். பெருந்தன்மை என்றும் சொல்லமாட்டேன். வாய் திறந்தது, அது வந்தது.

"இருக்கும்னு நினைச்சேன். இல்ல. லைட் பாக்க எடுத்ததை அப்பவே அழிச்சுட்டேன் போல."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். கத்தியிருந்தால் தேவலை.

"நான் ஊசி போடறதுக்கு முன்னாடி பேர் கேப்பேன்" என்றார். "கையில சீட்டு இருக்கும், அதுல பேர் எழுதியிருக்கும், தெரிஞ்ச ஆளாக்கூட இருக்கும். இருந்தாலும் கேப்பேன். ரெண்டு தடவை கேப்பேன். நீங்க ஒரு தடவை கேட்டிருக்கலாம். முள்ளைத் திருப்பட்டுமான்னு. நான் அங்கதான், அஞ்சடி தள்ளி, உங்களுக்கு டீ போட்டுட்டிருந்தேன்."

"கேட்டிருக்கணும்" என்றேன். அது பொய் இல்லை.

"விடுக்கா" என்றான் தம்பி. அவன் குரல் இப்போது இறங்கியிருந்தது.

"என்னத்தை விட? உனக்கு வாட்சாவது இருக்கு."

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கடிகாரத்தைத் தம்பியிடம் கொடுக்கும்போது மட்டும் அவனுடைய கையை அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவன் குனிந்து அவருடைய தோளில் நெற்றியை வைத்தான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி மடிந்தது பார்க்க விநோதமாக இருந்தது. நான் விளக்குகளை அணைக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"படத்தை அனுப்ப வேணாம்" என்றார் அக்கா கதவருகே நின்று. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு படியில் இறங்கும் சத்தம்.

தம்பி நின்றான். பர்ஸை எடுத்தான். வேண்டாம் என்றேன். பர்ஸை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையிலேயே வைத்திருந்தான்.

"நேத்து கைக்கு வந்ததும் போனைப் பார்த்து சரி பண்ணிட்டேன் பாஸ்" என்றான். "எங்களுக்கு அதானே பொழப்பு. துறைமுகம் மாறினா நேரம் மாறும், முள்ளைத் திருப்பணும். கை அதுவா போயிருச்சு. நேத்து என்ன பண்ணேன்னு இவ சொல்ற வரைக்கும் எனக்கு ஞாபகமே இல்ல."

"சொல்லியிருக்கலாம்."

"எப்படி பாஸ் சொல்ல?"

நான் ஒன்று மட்டும் கேட்டேன்.

"எவ்ளோ வேகமா இருந்துச்சு? நீங்க திருப்பினப்ப?"

அவன் யோசித்தான். உதடு எதையோ எண்ணியது.

"சரியா பாக்கல. ஆனா நிறைய. அரை மணிக்குக் கொஞ்சம் கம்மி. அவ்ளோ இருக்கவும்தான் வாட்ச் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"அக்கா பதினஞ்சுன்னாங்க."

"ஆமா. பதினஞ்சுன்னா."

இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றோம். கடைசி நாட்களில் அந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல் இன்னும் ஒரு தடவை, ஒருவேளை இரண்டு தடவை, திருகை இழுத்திருக்கிறார். கட்டிலிலிருந்து கதவுக்குப் போக அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. பக்கத்திலேயே இருந்த மகளுக்கு அது தெரியவில்லை. தூரத்தில் இருந்தவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது, அவனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவன் கடிகாரத்தைக் கையில் கட்டினான். வாரின் நீண்ட துளை அவனுடைய தடித்த மணிக்கட்டுக்கு எட்டவில்லை. புதிய துளை ஒன்றில் குச்சியை அழுத்தி நுழைத்தான். பத்து மணி பத்து நிமிடம். திருகை உள்ளே தள்ளினான். வினாடி முள் ஓட ஆரம்பித்தது. நேரத்தைச் சரி செய்யவில்லை.

"இப்படியே விட்டுடறேன்" என்றான்.

"எந்த ஊருக்கும் ஒத்து வராது."

"வராது."

கீழே தெருவிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "டேய், வர்றியா இல்லையா? இருக்கற பஸ்ஸையும் விடப்போற!"

"வந்துட்டேன்க்கா!"

அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். என்னவோ சொல்ல வந்தான், நன்றி என்பதுபோல, ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் கால் வாசலைத் தாண்டிவிட்டது. புறப்படுகிற வேகத்தில் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினான். கப்பலில் எந்தக் கதவையும் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது என்பார்கள். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை இழுத்தான், அது குழியில் விழும் சத்தம் கேட்டது, சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். உள்ளே ஆள் இருப்பது அவனுடைய கைக்குத் தெரியாது. படிகளை இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினான். கீழே அக்கா என்னைப் பற்றி ஏதோ கேட்டார், அவன் ஏதோ சொன்னான், இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.